உழவர் கடன் அட்டை: விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கிசான் கிரெடிட் கார்டு எனப்படும் உழவர் கடன் அட்டையை 1998-ஆம் ஆண்டு முதல் வங்கிகள் வழங்கி வருகின்றன. ஆனால் அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, கடன் கிடைத்த அன்றே மொத்தப் பணத்தையும் எடுத்து வந்துவிடும் விவசாயிகள் பலர். இதனால் நஷ்டம் அவர்களுக்கே.

“அட்டைக்குள் பணம் இருக்கிறதா?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அட்டை ஒரு சாவிதான். பணம் உங்கள் பெயரில் வங்கி அனுமதித்த கடன் வரம்பில் இருக்கிறது. உரக்கடையில் உள்ள கருவியில் அட்டையைச் செருகி இரகசிய எண்ணை அழுத்தியதும், செய்தி முதலில் கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து ரூபே இணைப்பு வழியாக உங்கள் வங்கிக்கு வருகிறது. எண் சரிதானா, வரம்பில் மீதி உண்டா என்று பார்த்து உங்கள் வங்கி பதில் அனுப்புகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அன்று முதல் அந்தத் தொகைக்கு மட்டும் வட்டி ஓடும். எடுக்காத பணத்துக்கு வட்டி கிடையாது. எனவே நடவுக்கு 20,000 ரூபாய் போதுமென்றால் 20,000 மட்டும் எடுங்கள். மேலுரத்துக்கு வேண்டியதை மேலுரம் இடும்போது எடுத்துக்கொள்ளலாம்.

நகரத்தில் சம்பளக்காரர்கள் வைத்திருக்கும் கிரெடிட் கார்டு வேறு. அதில் தவணை தவறினால் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறுவது வழக்கம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் நிர்ணயிக்கிறார்கள். உதாரணமாக, ஏக்கருக்கு 30,000 ரூபாய் என்றால் இரண்டு ஏக்கருக்கு 60,000. 2012-இல் திருத்திய திட்டப்படி, இதனுடன் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பச் செலவுக்குமாக 10 சதவீதமும், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேரும். ஆக 78,000. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியமும் சேரும். குத்தகை விவசாயிகளும் விண்ணப்பிக்கலாம். 2025 ஜனவரி முதல் 2 லட்ச ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கூறியுள்ளது.

வட்டியில்தான் கவனம் தேவை. 3 லட்ச ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடு நாளுக்குள் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதமே விழும். ஒரு லட்சத்துக்கு ஓராண்டில் 4,000 ரூபாய். கெடு தவறினால் அந்த 3,000 ரூபாய்ச் சலுகை போய்விடும். கெடுவுக்குப் பிறகு வங்கியின் சாதாரண வட்டியும் ஏறும். ஆகவே கடன் வாங்கும் அன்றே கெடு நாளைக் கேட்டு, வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கெடு நெருங்கியதும் வெளியில் ஒரு லட்சம் கைமாற்று வாங்கிக் கட்டி, மறுநாளே வங்கியில் திரும்ப எடுத்து அடைப்பவர்கள் உண்டு. ஒருநாள் கடனுக்கும் ஒரு மாத வட்டியாக நூற்றுக்கு இரண்டு ரூபாய் கேட்டால் 2,000 போய்விடும். மிஞ்சுவது ஆயிரம்தான். அதைவிட நெல் விற்ற பணம் வந்ததும் அட்டைக் கணக்கில் போட்டு வையுங்கள். அன்றிலிருந்தே வட்டி குறையும். வரம்பு நடப்பில் இருந்தால், தேவைப்படும்போது திரும்ப எடுக்கலாம்.

ஏ.டி.எம். கருவியில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் சீட்டைப் பத்திரப்படுத்தி வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

இரகசிய எண்ணைக் கடைக்காரரிடமோ, தொலைபேசியில் “வங்கியிலிருந்து பேசுகிறேன்” என்பவரிடமோ சொல்லக் கூடாது. அட்டை தொலைந்தால் உடனே வங்கிக்குச் சொல்லி நிறுத்திவிடுங்கள். யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் வங்கிக்குச் சொல்வதோடு 1930 என்ற எண்ணுக்கும் அன்றே புகார் செய்யுங்கள்.