விடை ரெடி... வாக்கியம் எங்கே?

‘ராமா கில்ட் ராவணா’வை பேசிவ் வாய்ஸில் மாற்றச் சொல்லுங்கள். பெங்களூருவின் பத்தாம் வகுப்பு மாணவன் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவான். “நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்? இங்கிலீஷில் நாலு வரி எழுது” என்று கேளுங்கள். பேனா நகராது. அல்சூர் பக்கம் வீட்டு மாடியில் ட்யூஷன் எடுக்கும் டீச்சர்களின் தீராத புலம்பல் இது.

அப்பா காலத்தில் அவென்யூ ரோட்டில் வாங்கிய பழைய கைடு. இப்போது செல்போன். கேள்வியைப் போட்டோ எடுத்தால் போதும், விடை வந்து விழுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கடிதம், கட்டுரை எல்லாமே கேட்ட மாத்திரத்தில் ரெடி.

கர்நாடகப் பத்தாம் வகுப்பு இரண்டாம் மொழி ஆங்கிலத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் பாடம், ஆர்.கே.நாராயணின் ‘எ ஹீரோ’. இருட்டுக்குப் பயந்து நடுங்கும் சுவாமி, பேய் என்று நினைத்துத் திருடனின் காலைக் கடித்துவிடுகிறான். ஊரே பாராட்டுகிறது. அவனோ மறுபடியும் பாட்டி பக்கத்திலேயே போய்ப் படுத்துக்கொள்கிறான். ‘சுவாமி உண்மையில் வீரனா?’ என்பது ஹோம்வொர்க். வகுப்பே சண்டை போட்டு வாதாட வேண்டிய கேள்வி! நோட்டுகளைப் புரட்டினால் அத்தனையிலும் ஒரே விடை. கமாகூட இடம் மாறவில்லை.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்கு, இங்கிலீஷ் தெரியாத பெற்றோர் எப்படி உதவ முடியும், போன்தானே துணை என்கிறார்கள் சிலர். நியாயம்தான். ஆனால், துணைக்கு வந்தது பிள்ளையின் பேனாவையே பிடுங்கிக்கொண்டதே!

தென் மாநில ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, 1963-ல் தொடங்கிய மண்டல ஆங்கில நிறுவனம் இதே ஊரின் ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. ஆனால், எந்தப் பயிற்சி பெற்றாலும் வகுப்புக்குத் திரும்பிய ஆசிரியரைப் போர்ஷன் துரத்துகிறது. சொந்தமாக எழுதித் தப்புவிட்டால் சிவப்பு மை, காப்பியடித்தால் ‘குட்’. பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

பெற்றோரே, இன்று ராத்திரி சுவாமி கதையைப் பிள்ளையிடம் தமிழிலேயே கேளுங்கள். பிறகு மூன்றே வரி, போன் இல்லாமல், ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆசிரியர்களே, அந்த மூன்று வரியில் ஐந்து தப்பு இருந்தாலும் மார்க் போடுங்கள். அதுதான் அந்தப் பிள்ளையின் ஆங்கிலம்.