நீங்கதானே சொன்னீங்க!

‘எங்கள் அப்பா ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரே சின்னத்துக்குத்தான் போடுகிறார். ஒரு மனிதரின் அரசியல் கருத்து மாறுமா, மாற்ற விஞ்ஞானத்தில் வழி உண்டா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஒன்றையும் அனுப்பியிருக்கிறார்: வலதுசாரிக்கும் இடதுசாரிக்கும் மூளையே வேறு வேறாம்.

முதலில் அந்த மூளைச் செய்தியை ஓரங்கட்டிவிடுவோம். அதன் மூலம் 2011-ல் லண்டனில் வந்த ஓர் ஆய்வு. பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்கு விருந்தினர் ஆசிரியராக இருந்த நடிகர் காலின் ஃபர்த்துக்கு எழுந்த ஆசையில் தொடங்கியது அது. 90 மாணவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்ததில், பழமைவாதிகளுக்கு அமிக்டலா என்ற பகுதி சற்றுப் பெரிதாக இருந்ததாம். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராக நடிகரின் பெயரும் அச்சானது. பிறகு கேட்க வேண்டுமா, எல்லா ஊரிலும் தலைப்புச் செய்தி. 2024-ல் நெதர்லாந்தில் 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அதையே சோதித்தார்கள். வித்தியாசம் இருக்கத்தான் செய்தது, ஆனால் முன்பு சொன்னதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஓர் எள் பருமன். அதை வைத்து யாருடைய ஓட்டையும் கணிக்க முடியாது.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறு. அதில் ஸ்கேன் கிடையாது. ஒரு பரீட்சை அட்டை, கொஞ்சம் பசை, கொஞ்சம் கைவேலை, அவ்வளவுதான்.

2010 செப்டம்பரில் ஸ்வீடனில் பொதுத்தேர்தல். இடதுசாரி சிவப்பு-பச்சைக் கூட்டணிக்கும் வலதுசாரிக் கூட்டணிக்கும் நேரடி மோதல். லுண்ட் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் ஹால், பெட்டர் யோஹான்சன் குழுவினர் 162 வாக்காளர்களை அணுகினார்கள். யாருக்கு ஓட்டு, எவ்வளவு உறுதி என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பிறகு இரண்டு அணிகளும் முட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு விஷயங்கள் அடங்கிய வினாத்தாளைக் கொடுத்தார்கள். பெட்ரோல் வரியைக் கூட்டலாமா என்பது போன்ற விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு; எவ்வளவு சம்மதமோ அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும்.

வாக்காளர் குறித்துக்கொண்டிருக்கும்போது, ஆய்வாளர் ஓரக்கண்ணால் பார்த்தபடி தன் கையிலிருக்கும் இன்னொரு தாளில் அதே கேள்விகளுக்கு எதிரணிக்குச் சாதகமான பதில்களைக் குறிப்பார். தாளைத் திரும்ப வாங்கும்போது பேச்சுக் கொடுத்தபடியே, பின்புறம் பசையுள்ள தன் தாளை அசலின் மேல் ஒட்டிவிடுவார். வாக்காளர் கையில் இப்போது இருப்பது அவருடைய தாள், ஆனால் பதில்கள் அவருடையவை அல்ல. ‘இந்தக் கேள்விக்கு ஏன் இப்படிக் குறித்தீர்கள், கொஞ்சம் விளக்குங்களேன்’ என்று கேட்பார்கள்.

விளக்கினார்கள்! ஐந்து நிமிடத்துக்கு முன் பெட்ரோல் வரி கூடாது என்று குறித்தவர், அது ஏன் கூட வேண்டும் என்று தடுமாறாமல் காரணம் சொன்னார். மாற்றப்பட்ட பதில்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 22 சதவீதத்தைத் தாண்டவில்லை. கண்டுபிடித்தவர்களும் பெரும்பாலும் ‘கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன் போல’ என்று திருத்திக்கொண்டார்கள். கடைசியில், நிறம் தீட்டிய கண்ணாடித் தாள் ஒன்றைப் பதில்களின் மேல் வைத்து, இடமா வலமா என்று மொத்தக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எதிரணிக் கணக்கைத் தன் கணக்கு என்று ஏற்றுக்கொண்டவர்கள் 92 சதவீதம். யாருக்கு ஓட்டு என்று மறுபடி கேட்டதில், எதிரணியையும் யோசிக்கலாம் என்ற நிலையில் இருந்தவர்கள் 48 சதவீதம் வரை. வயது, பாலினம், அரசியல் ஈடுபாடு எதுவும் குறிப்பிடும்படி வித்தியாசம் காட்டவில்லை. நாலும் தெரிந்தவர், தினமும் தலையங்கம் படிப்பவர் என்ற சலுகையும் இல்லை.

நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது புது வித்தை இல்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகலாம் என்று தாத்தா சொல்லியிருப்பார். ஒரு வாரம் கழித்து, காபி டம்ளரை நீட்டும்போது பாட்டி, “இந்தத் தடவை ஊருக்கு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?” என்பார். தாத்தா ஒரு கணம் விழிப்பார். பிறகு, “ஆமா, பின்னே? பஸ்ல நிக்க இடம் இருக்காது, எனக்கு முழங்கால் வேற” என்று ஆரம்பிப்பார். பாட்டி வாதமே செய்யவில்லை. காரணங்கள் எல்லாம் தாத்தாவின் சொந்தச் சரக்கு. பாட்டி எல்லாவற்றையும் மாற்றுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பூர்வீக வீட்டை விற்கச் சொன்னீங்களே என்றால் தாத்தா குதித்துவிடுவார். அவர் ஊன்றி யோசிக்காத இடம் பார்த்துத்தான் பாட்டி தாளை ஒட்டுவார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்க, தாத்தா அதே காரணங்களை இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்லும்போது சோதனை முழுமை பெறுகிறது. பாட்டிக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவையில்லை, கடைசியில் உண்மையைச் சொல்லிவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. லுண்ட் ஆய்வாளர்களுக்கு இரண்டும் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் இதில் முக்கியமான ஆள். அதே குழு 2018-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், இப்படி நகர்ந்த கருத்து ஒரு வாரம் கழித்தும் நகர்ந்தே இருந்தது. மாற்றிய பதிலை வெறுமனே பார்த்தவர்களைவிட, அதற்குக் காரணம் சொன்னவர்களிடம் நகர்வு அதிகம். அடுத்தவர் வாதம் காதில் விழுந்து வெளியே போகிறது; தன் வாயால் சொன்ன வாதம் தங்கிவிடுகிறது.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 1977-ல் நிஸ்பெட், வில்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், கடைக்கு வந்தவர்களிடம் நான்கு ஜோடி நைலான் காலுறைகளைக் காட்டி எது உசத்தி என்று கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான். வலது ஓரத்தில் இருந்ததைத்தான் மற்றவற்றைவிட அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள்; நெசவு நன்றாக இருக்கிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். ‘ஓரத்தில் இருந்தது, எடுத்தேன்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. போதும்.

இதைப் படித்துவிட்டு, ஓட்டை மாற்ற மந்திரம் கிடைத்துவிட்டது என்று எந்தத் தேர்தல் ஆலோசகராவது கிளம்பினால் நம்ப வேண்டாம். 162 பேர், ஒரு நாடு. சோதனை முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டதால், இந்த நகர்வு வாக்குச்சாவடி வரை போயிருக்குமா என்று பார்க்க வழியில்லை. நான் இதில் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: ஆட்கள் கட்சிப் பெயரில் இறுகியும், தனித்தனி விஷயங்களில் அவர்களே அறியாத அளவுக்கு நெகிழ்ந்தும் இருக்கிறார்கள். திறந்த மனம் என்பது யாரோ சில உத்தமர்களின் சொத்து என்பதுபோல் பேசுகிறோம். கட்சிப் பெயர் குறுக்கே வராத ஐந்து நிமிடம் கிடைத்தால் சாதாரண ஆளிடமும் அது இருக்கிறது. அதனால் அவரை ஏமாற்றவும் முடிகிறது என்பது மறுபக்கம்.

ஏமாற்றாமல் செய்ய முடியுமா? 2014 டிசம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்து அமர்க்களப்பட்டது: வீடு தேடிப் போய்ப் பேசிய ஒரே உரையாடலில், தன்பாலினத் திருமணம் பற்றிய கருத்து மாறி, மாதக்கணக்கில் அப்படியே நின்றதாம். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இருவர் அதே வழியில் ஓர் ஆய்வு செய்யப் போய், அதற்குக் கருத்துக்கணிப்பு நடத்தியதாகச் சொல்லப்பட்ட நிறுவனத்தை விசாரித்தார்கள். அப்படி ஒரு வேலையே எங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம். மூலத் தரவும் வந்து சேரவில்லை. 2015 மே மாதம் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

வேடிக்கை என்னவென்றால், குட்டை உடைத்த அதே இருவர் மயாமியில் உண்மையாகவே அந்தச் சோதனையைச் செய்தார்கள். 56 பேர் கதவு தட்டினார்கள், 501 வாக்காளர்கள். பாதிப் பேரிடம் குப்பை மறுசுழற்சி பற்றிப் பேச்சு, மீதிப் பேரிடம் திருநர் உரிமை பற்றி. யாரும் புள்ளிவிவரம் அடுக்கவில்லை. ‘நீங்கள் வித்தியாசமானவர் என்பதற்காக யாராவது உங்களை மட்டம்தட்டியது உண்டா?’ என்று கேட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள். சுமார் பத்து நிமிடம். வெறுப்பு ஓரளவு குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் அந்தக் குறைவு நின்றது. பேசப் போனவர் திருநரா இல்லையா என்பது பொருட்டாகவில்லை. இங்கேயும் வீட்டுக்காரர்தான் அதிகம் பேசியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஆய்வுகளையும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான், ஆனாலும் விடமாட்டேன்.

ஆனால் வழக்கமான பிரச்சாரத்துக்கு இந்தப் பலன் இல்லை. 2018-ல் இதே இருவர் அமெரிக்கத் தேர்தல்களில் நடந்த 49 கள ஆய்வுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தார்கள். துண்டறிக்கை, தொலைபேசி, வழக்கமான வீடு வீடாகப் பிரச்சாரம். பொதுத்தேர்தலில் இவை வாக்காளரின் தேர்வை மாற்றும் அளவு, அவர்களுடைய மதிப்பீட்டில், பூஜ்யம். ஓட்டுப் போடப் போகாமல் இருப்பவரைச் சாவடிக்கு வரவழைக்கக் கதவு தட்டுவது உதவும் என்பது வேறு. அதற்கு அங்கே நல்ல சான்றுகள் இருக்கின்றன.