பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு எந்த ஊர்?

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பேருங்க?" அடுத்தது, "பசங்க எந்த ஸ்கூல்?"

"ஸ்கூலுக்கு அனுப்புறதில்லீங்க, வீட்லயே சொல்லித் தர்றோம்" என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்!

இது குற்றமா என்றால், 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. 14 வயது ஆனதும் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம்.

ஆகவே இந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு தேட வேண்டியதில்லை. எந்த ஊரிலும் இருக்கலாம். வம்பே அதுதான்.

காரைக்காலை எடுத்துக்கொள்வோம். கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு, நடுவில் சுமார் 160 சதுர கிலோமீட்டர் புதுச்சேரி. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954-ல் இந்தியாவோடு சேர்ந்த ஊர். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இங்கே பாடத்துக்குப் பஞ்சமில்லை. அரசலாறு கடலில் கலக்கிற இடம் புவியியல். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வந்து விழுகிற மாம்பழம் காரைக்கால் அம்மையார் கதையைச் சொல்லிவிடும். வடக்கே தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை, தெற்கே நாகூர் தர்கா. வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒரு காகிதம், ஐயா!

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அதே கடற்காற்று, அதே மீன். ஆனால் அது தமிழ்நாடு. (எல்லை எங்கே என்று கேட்க வேண்டாம், வரிசையாக நிற்கிற மதுக்கடைகளே சொல்லும். பிள்ளைகுட்டிக்காரர்கள் கொஞ்சம் தள்ளியே வீடு பார்க்கவும்.) பையன் நாளைக்குக் காலேஜுக்குப் போகும்போது எல்லைக்கு எந்தப் பக்கம் குடியிருந்தான் என்பதுதான் கேள்வி. புதுச்சேரி ஒதுக்கீட்டில் சீட் வேண்டுமானால் குடும்பம் ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே குடியிருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தவனிடம் இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. பள்ளிக்கூடமே அவனுக்குச் சாட்சி.

நம் பையனுக்கு அந்தச் சாட்சி ஏது? ரேஷன் கார்டும் வாடகை ஒப்பந்தமும்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020-லும், புதுச்சேரி 2023-லும் கொண்டுவந்த மருத்துவ உள்ஒதுக்கீடும் இவனுக்குக் கிடையாது. எனவே பையனுக்குப் பத்து, பதினோரு வயதாகும்போதே எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிட வேண்டும். பதினைந்தில் வீடு மாறினால் கணக்கு உதைக்கும்.

அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே ஒப்பந்தத்தை எழுதிக் கேளுங்கள். "நமக்குள்ள எதுக்குங்க பத்திரமெல்லாம்?" என்கிற வீட்டுக்காரர் தங்கமான மனிதராகவே இருக்கலாம். வேறு வீடு பாருங்கள்.