இயந்திரத்துக்குள்ளே – 9: பட்டியலில் ஒரு வரி

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் மும்முரமாக நடக்கும் நாட்களில், ஜெராக்ஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "முன்னாடி எடுக்காது தம்பி, பின்னாடி சொருகுங்க." பின்னால் சொருகியதும் பென் டிரைவ் திறந்துவிடும். மாணவர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இதில் பாதிக்கு எளிய காரணம் உண்டு. கேபினெட்டின் முன்பக்க போர்ட், மதர்போர்டிலிருந்து நீண்ட மெல்லிய வயர் வழியாக வருகிறது; வழியிலேயே மின்னழுத்தம் கொஞ்சம் இறங்கிவிடும். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்குத் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதற்கு மேலும் கேட்கும். மீதிப் பாதிதான் இந்த வாரத்துக்கான விஷயம். மின்சாரம் சரியாக இருக்கும், வயர் சரியாக இருக்கும். ஆனாலும் ஒரு கணினியில் ஏறும் டிஸ்க் இன்னொன்றில் ஏறாது. விண்டோசில் திறப்பது லினக்சில் தொங்கி நிற்கும்.

பென் டிரைவும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை மிகச் சிறியது. கணினி 31 பைட்டில் ஒரு கட்டளை அனுப்பும். பிறகு தரவு போகும் அல்லது வரும். கடைசியில் சாதனம் 13 பைட்டில் 'முடிந்தது' அல்லது 'முடியவில்லை' என்று பதில் தரும். அவ்வளவுதான். 1999-இல் வகுத்த இந்த முறை இன்றைக்கும் கோடிக்கணக்கான சாதனங்களில் ஓடுகிறது. இவ்வளவு எளிய விதியை எப்படித் தவறாகச் செய்ய முடியும் என்று தோன்றும். ஆனால் சில ரூபாய்க்கு விற்கும் சிப்பைத் தயாரிப்பவர், விண்டோசில் சொருகிப் பார்த்து, வேலை செய்தால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார். விண்டோஸ் ஒருபோதும் கேட்காத கேள்வியை அந்தச் சிப்பிடம் யாரும் கேட்டுப் பார்த்ததே இல்லை. கேட்டால் அது விழித்து நிற்கும், சில வேளை அப்படியே உறைந்துவிடும்.

லினக்சுக்கு டிரைவர் எழுதியவர்கள் இதற்குக் கண்ட வழி, விண்டோஸ் கேட்பது போலவே கேட்பது. 'நீ யார்?' என்ற முதல் கேள்விக்கு 36 பைட் பதில் மட்டும் கேட்பார்கள். எழுதத் தடை இருக்கிறதா என்று அறியும் கேள்விக்கு 192 பைட் கேட்பார்கள். ஏன் 192? விதி அப்படிச் சொல்லவில்லை. விண்டோஸ் அந்த அளவில்தான் கேட்கிறது, பல டிஸ்க்குகள் அந்த அளவை மட்டுமே ஏற்கின்றன என்று நிரலிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதப்பட்ட விதியைக் காட்டி சிப் தயாரிக்கும் நிறுவனத்தோடு சண்டை போட்டிருக்கலாம். சொருகியவருக்கு அதனால் கோப்பு கிடைத்திருக்காது. அவருக்குக் கோப்பு கிடைக்க வேண்டும் என்பதை முதலில் வைத்த முடிவு இது. என் பார்வையில் சரியான முடிவு.

எனக்கு மிகவும் பிடித்த கோணல், கொள்ளளவைச் சொல்லும் இடத்தில் வருகிறது. டிஸ்க் முழுவதும் 512 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்கும். கணினி கேட்பது 'கடைசி செக்டரின் எண் என்ன?' என்பதை. சிதம்பரம் மேலவீதியில் கதவு எண் 0-வில் தொடங்கி நூறு கடைகள் இருந்தால் கடைசிக் கடையின் எண் 99. ஆனால் சில சாதனங்கள் கடைசி எண்ணுக்குப் பதிலாக மொத்த எண்ணிக்கையைச் சொல்லிவிடும்: 100. உடனே கணினி, 101 கடைகள் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். இல்லாத கடையைத் தேடிப் போகும்.

ஒரே ஒரு செக்டர்தானே, போனால் போகட்டும் என்று விட முடியாது. ஜிபிடி முறையில் பிரித்த டிஸ்க்கில் பகிர்வு அட்டவணையின் மறுபிரதிக்கான தலைப்பு கடைசி செக்டரில்தான் இருக்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து அமைக்கும் ரெய்டின் சில வகைகளும் தம் அடையாளத்தை டிஸ்க்கின் இறுதிப் பகுதியில் எழுதுகின்றன. ஆகவே டிஸ்க்கைச் சொருகியதுமே லினக்ஸ் அதன் கடைசிப் பகுதியை எட்டிப் பார்க்கும். இல்லாத செக்டரைப் படிக்கச் சொன்னதும் 'பிழை' என்று பதில் சொல்லத் தெரியாத சிப், மயங்கி விழுந்துவிடும். பயனருக்கு டிஸ்க் செத்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் அதில் உள்ள படங்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கும்.

இதற்குத்தான் பட்டியல் வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், யூஎஸ்பி சேமிப்புக்கான பகுதியில், வழக்கத்துக்கு மாறான சாதனங்களுக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. மாத்யூ தார்ம், ஆலன் ஸ்டெர்ன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் பேணி வளர்த்த கோப்பு. ஒவ்வொரு பதிவிலும் தயாரிப்பாளர் எண், சாதன எண், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்பு வரை என்ற எல்லை, கடைசியில் செய்ய வேண்டிய திருத்தம். இந்தச் சாதனம் சொல்லும் கொள்ளளவில் ஒன்றைக் கழி. கைமாறாமல் மீதமான தரவு எவ்வளவு என்று இது சொல்லும் கணக்கை நம்பாதே. இதற்குக் கட்டளை கொடுத்ததும் 125 மைக்ரோ விநாடி பொறுத்துவிட்டுத் தரவைத் தொடு. சில திருத்தங்களுக்குப் பட்டியலே தேவைப்படவில்லை: சில கார்டு ரீடர்கள் இடறுவதால், கடைசி எட்டு செக்டர்களை மொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொன்றாகக் கேட்பதை எல்லா யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலின் தேவையைத் தெரியாமலே பலர் அனுபவித்த காலம் ஒன்று உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதல் கட்டக் கணினிகளில், விண்டோசோடு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. கடலூர், சிதம்பரம் பக்கம் வீட்டுக்கு பிராட்பேண்ட் இல்லாத மாணவர்கள் பலர் இணையத்துக்கு நம்பியது டேட்டா கார்டு எனப்படும் யூஎஸ்பி மோடம். அதை விண்டோசில் சொருகினால் இணையம் வரும். லினக்சில் சொருகினால் ஒரு சிடி டிரைவ் தோன்றும்! காரணம் இதுதான்: தனியாக சிடி தரும் செலவை மிச்சப்படுத்த, மோடத்துக்குள்ளேயே விண்டோஸ் மென்பொருளை வைத்து, முதலில் சிடி போல நடிக்கும்படி செய்திருந்தார்கள். மென்பொருள் நிறுவப்பட்டதும் அது ஒரு சிறிய சமிக்ஞை அனுப்பும். அதன் பிறகே சாதனம் மோடமாக மாறும். ஹுவாவே இ220 போன்றவற்றுக்கு அந்தச் சமிக்ஞையைக் கெர்னலே அனுப்பும்படி பட்டியலில் சேர்த்தார்கள். மற்றவற்றுக்கு ஜோசுவா டீட்சே எழுதிய யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் கைகொடுத்தது. இந்த ஒரு விஷயம் தெரியாததால், 'லினக்சில் நெட் வராது' என்று சொல்லி அந்தப் பக்கமே போகாத பிள்ளைகள் எத்தனை பேரோ. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

இன்னொரு கோணல் நம் கடலோரத்துக்கு நேரடியாகப் பொருந்தும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கல்யாண வீடியோ ஸ்டூடியோக்களில் இருக்கும் பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு. கரண்ட் போனால் மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் அணைந்துவிடும். டிஸ்க் தனக்கு வந்த தரவை உடனே தட்டில் எழுதுவதில்லை; தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு எழுதும். கணினி அவ்வப்போது 'எல்லாவற்றையும் எழுதி முடி' என்று கட்டளை கொடுத்தால்தான் பாதுகாப்பு. ஆனால் தன்னிடம் அப்படி ஒரு நினைவகம் இருப்பதையே பல யூஎஸ்பி சிப்கள் சொல்வதில்லை. அப்போது லினக்ஸ், வந்தது அப்படியே எழுதப்படுகிறது என்று அனுமானித்து, அந்தக் கட்டளையை அனுப்பாமல் விட்டுவிடும். இதற்கும் பட்டியலில் ஒரு குறி உண்டு: 'இதனிடம் நினைவகம் இருப்பதாகவே வைத்துக்கொள்.' ஜெனரேட்டரை மாற்றி மாற்றிப் போட்டு வேலை பார்க்கும் ஊர்களுக்கு இந்தக் குறி ஒரு முகூர்த்தத்தின் படங்களைக் காப்பாற்றக்கூடியது.

64 ஜிபி என்று பொய் சொல்லும் 8 ஜிபி பென் டிரைவுகளுக்கு மட்டும் எந்தப் பட்டியலும் உதவாது. அது ஏமாற்று. எஃப்3 போன்ற நிரலால் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

வேகம் வந்தபோது கோணல்களும் புதிதாக வந்தன. பழைய முறையில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். யூஏஎஸ் என்ற புதிய முறையில் பல கட்டளைகளை வரிசையில் நிறுத்தலாம். ஹான்ஸ் டி கோட செப்பனிட்ட யூஏஎஸ் டிரைவர் 2014-இல், லினக்ஸ் 3.15-இல், பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் சில சிப்களின் குறைகள் வெளிப்பட்டன, அவற்றுக்கென இன்னொரு பட்டியல் தனியாக உருவானது. 2019 ஜூனில் யூஎஸ்பி 3.0 போர்ட்டோடு ராஸ்பெர்ரி பை 4 வெளிவந்ததும் எஸ்எஸ்டியை மாட்டிய பலர் இதில் இடறினார்கள். கெர்னல் தொடங்கும் வரியில் சாதனத்தின் எண்ணையும் ஓர் எழுத்தையும் சேர்த்தால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் பழைய முறைக்குத் திரும்பலாம். வேகம் குறையும், ஆனால் டிஸ்க் நிற்காமல் ஓடும்.

இந்தப் பட்டியலில் வரி சேர்க்க நிறுவனப் பதவி எதுவும் வேண்டாம். திருத்தமும், உங்கள் பெயரும் மின்னஞ்சலும், சாதனத்தைச் சொருகியபின் கணினி காட்டும் யூஎஸ்பி விவரத்தின் நகலும் கேட்கிறார்கள். அண்ணாமலை நகரின் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் சர்வீஸ் செய்பவருக்கும் எந்த டிஸ்க் எதில் ஏறாது என்பது கைப்பாடம். அந்த அறிவு அவர்கள் கடையோடு நின்றுவிடுகிறது. பொறியியல் படிக்கும் ஒரு பிள்ளை ஒரு செமஸ்டர் அந்தக் கடைகளில் உட்கார்ந்து, ஏறாத சாதனங்களின் எண்களைக் குறித்து, காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தால் அதைவிட நல்ல ப்ராஜெக்ட் எனக்குத் தெரியவில்லை. அந்த எண்களை அறிய லினக்சில் எல்எஸ்யூஎஸ்பி என்ற ஒரே கட்டளை போதும். விண்டோசில் டிவைஸ் மேனேஜரில் கிடைக்கும். 0781 என்று தொடங்கினால் சான்டிஸ்க், 1058 என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல்.

எழுதிய வரியை நீக்குவதுதான் கடினம். பதிப்பு எல்லை 0000-இலிருந்து 9999 வரை என்றே பல வரிகளில் போட்டிருக்கும். தயாரிப்பாளர் எந்தப் பதிப்பில் குறையைச் சரிசெய்தார் என்பது வெளியே தெரிவதில்லை. அதனால் டிரைவரிடமே ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சாதனம் தானே சரியாகச் சொல்லும் ஒரு விவரத்தைப் பட்டியலும் தேவையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தால், டிரைவர் அதைக் கண்டுபிடித்துக் கணினியின் பதிவேட்டில் ஒரு செய்தி எழுதும்: இந்த விவரம் பட்டியலில் இனி வேண்டியதில்லை, இந்தச் செய்தியின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். கீழே மின்னஞ்சல் முகவரியும் இருக்கும்.