மூச்சுக்குழாயில் நிற்கும் காவலர்கள்



நாம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். தூசியும் புகையும் கிருமியும் அதனுடன் சேர்ந்தே போகின்றன. இருந்தும் பெரும்பாலான நாட்கள் நலமாகவே இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நம் உடலிலேயே இறைவனின் அத்தாட்சிகள் இருப்பதை அத்தாரியாத் அத்தியாயத்தின் 21ஆம் வசனம் நினைவூட்டுகிறது. அவற்றில் ஒன்று இது.

பெரிய தூசியை மூக்கு தடுத்துவிடும். (உளூவில் மூக்குக்கு நீர் செலுத்துவதற்கு இதையே காரணமாகச் சொல்லிவிட வேண்டாம், அது வணக்கம்.) மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிர்கள் சளியை ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. அந்தச் சுவரின் செல்களுக்கிடையே கிளை விரித்து அமர்ந்திருப்பவை டென்ட்ரிடிக் செல்கள். 1973இல் இவ்வகைச் செல்லை அறிவித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றின் முக்கிய வேலை உளவு. கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்குள்ள டி செல்களிடம் எதிரியை அடையாளம் காட்டுகின்றன.

இன்னும் உள்ளே, காற்று நுண்ணறைகளில் இருப்பவை மேக்ரோஃபேஜ்கள். உள்ளே வந்ததை விழுங்கிச் செரித்துவிடும் செல்கள். ஆனால் காசநோய்க் கிருமி இவற்றையே ஏமாற்றுகிறது. விழுங்கிய செல்லுக்குள் செரிக்கப்படாமல் குடியிருக்கிறது. உடல் விடுவதில்லை, மற்ற செல்கள் சூழ்ந்து நின்று அரண் கட்டுகின்றன. கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் நோயாளியாகாமல் இருப்பது இதனால்தான். சர்க்கரை நோய், சத்துக்குறைவு, புகைப்பழக்கம் ஆகியவை அந்த அரணைப் பலவீனமாக்கும்.

மாத்திரையை 6 மாதம் சாப்பிடச் சொல்வதன் காரணமும் இதுவே. சில வாரங்களில் இருமல் குறைந்துவிடும், எடை கூடும், ‘குணமாகிவிட்டது’ என்று நிறுத்திவிடுகிறோம். ஒளிந்திருக்கும் கிருமி மீண்டும் கிளம்பும். அப்போது பழைய மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். மகளின் நிக்காஹ் பேச்சு நடக்கிறதே என்று நோயை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் சிகிச்சையும் அங்கே இலவசம்.

ரமளான் வந்தால் சிலர் நோன்புக்காக மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இது தவறு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைக் குணமான பின் களா செய்யலாம். நோன்பு வைக்கும் அளவுக்கு உடல் தேறியவர்கள், மாத்திரையை ஸஹர் நேரத்துக்கு மாற்றலாமா என்று தங்கள் மருத்துவரிடம் ரமளானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.