விமானத்துக்கு வழி எழுதுகிறவர்

எலவனாசூர்கோட்டையில் ‘டெஸ்பாட்ச்’ என்றால், அரசு அலுவலகத்தில் தபாலுக்கு எண் போட்டு அனுப்பும் மேசைதான் நினைவுக்கு வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளை ‘ஃபிளைட் டிஸ்பாட்சர் ஆகணும்’ என்று சொன்னால், பார்சல் ஏற்றுகிற வேலை என்று வீட்டார் எண்ணிக்கொள்வது இயல்பு. சில நாடுகளில் விமானத்தடியில் வாக்கி டாக்கியோடு நின்று, ஏற்றுவதையும் இறக்குவதையும் கவனிப்பவரையும் டிஸ்பாட்சர் என்றே அழைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. நான் சொல்ல வருவது அந்த வேலையை அல்ல. ஒரு விமானம் எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும், போகிற ஊரில் இறங்க முடியாவிட்டால் எங்கே இறங்க வேண்டும் என்பதையெல்லாம் புறப்படும் முன்பே கணக்கிட்டு விமானியின் கையில் கொடுப்பவர் இவர். விமானம் தரை தொடும் வரை அதன்மேல் கண் வைத்திருப்பதும் இவர் பொறுப்பு.

பக்கத்தில் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. இன்று அதில் பயணிகள் விமானம் இறங்குவதில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஓடுதளம் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டின் இயக்கக் கட்டுப்பாட்டு மையங்களும் டெல்லியை ஒட்டிய குருகிராமில் உள்ளன. அங்கே பகலும் இரவும் ஷிஃப்ட் முறையில் வேலை நடக்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் பல விமானங்களைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

போகி விடியற்காலையை எடுத்துக்கொள்வோம். 2018 போகியன்று சென்னை மீனம்பாக்கத்தில் பனியோடு புகையும் சேர்ந்து ஓடுதளத்தை மறைத்தது. பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அப்படிப்பட்ட ஒரு காலையில் டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்துக்கு டிஸ்பாட்சர் என்ன செய்வார்? முதலில் சென்னையின் வானிலை முன்னறிவிப்பைப் பார்ப்பார். அடுத்து மாற்று விமான நிலையம் தேட வேண்டும். பெங்களூரு பக்கம்தான், ஆனால் ஜனவரி அதிகாலையில் அங்கேயும் மூடுபனி இறங்கும். இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் மறைந்துவிட்டால் விமானம் எங்கே போகும்? ஹைதராபாத்தா, கோயம்புத்தூரா என்று அலசி முடிவெடுக்க வேண்டும்.

பிறகு எரிபொருள். ஓடுதளம் வரை ஊர்ந்து போவதற்கு, பயணத்துக்கு, எதிர்பாராததற்கு, சென்னையில் இறங்க முடியாமல் மாற்று ஊருக்குப் போவதற்கு என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். இவை எல்லாம் தீர்ந்த பிறகும் அரை மணி நேரம் வானில் சுற்றுவதற்கு இருப்பு மிச்சம் இருக்க வேண்டும். அந்த இருப்பில் கை வைக்கும் நிலை வந்தால் அது அவசர நிலை. புகை கலையும் வரை சென்னை மேல் காத்திருக்கலாம் என்று இன்னும் அரை மணிக்குச் சேர்த்தால், ஏ320 வகை விமானத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். ‘நிறைய ஊற்றிவிட்டால் தீர்ந்தது’ என்றும் விட முடியாது. கூடுதல் எடையைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும்; எடை வரம்பைத் தாண்டினால் சரக்கையோ பயணிகளையோ இறக்க வேண்டியிருக்கும்.

வானிலை மட்டும்தான் வழியை மாற்றும் என்றில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. ஏர் இந்தியாவின் சில அமெரிக்க விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. அந்த வழிகளையெல்லாம் புதிதாக வகுக்கும் வேலை டிஸ்பாட்சர்களின் மேசைக்குத்தான் வந்தது.

அமெரிக்காவில் இந்தப் பொறுப்புக்குச் சட்டமே பெரிய எடை கொடுத்திருக்கிறது. அங்கே பயணிகள் விமானத்தின் பாதுகாப்புக்கு விமானியும் டிஸ்பாட்சரும் கூட்டாகப் பொறுப்பு. சான்றிதழ் பெற 23 வயது ஆக வேண்டும். சர்வதேச விதியின் குறைந்தபட்ச வயது 21.

இந்தியாவில் நடைமுறை வேறு. இதைப் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். வழக்கமாக விமான நிறுவனமே ஆளைத் தேர்வு செய்து, வானிலை, வான்வழிச் சட்டம், வழிகாட்டல், எடைக் கணக்கு ஆகியவற்றில் பயிற்சி தந்து, அனுபவசாலியின் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கும். அதன்பின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் ஒப்புதல் கிடைத்தால்தான் தனியாக விமானத்தை அனுப்ப முடியும். ஆகவே ‘ஏவியேஷன் கோர்ஸ்’ என்று விளம்பரத்தில் கண்டதும் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். அவற்றில் பல, டிக்கெட் கவுன்ட்டர் வேலைக்கும் விமானப் பணிப்பெண் வேலைக்குமான படிப்புகள். பயிற்சி முடிந்தால் டிஜிசிஏ ஒப்புதல் யார் மூலம், எப்படி வரும் என்று எழுத்தில் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ் ஒன்றை வாங்கிவந்தால் மட்டும் இங்கே அந்த இருக்கை கிடைத்துவிடாது.

பிள்ளைக்கு வேண்டிய அடித்தளம், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். அதற்கு மேல் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இருந்தால் கதவு அகலமாகத் திறக்கும். தமிழ்வழியில் படித்தது குறையே அல்ல. ஆனால் வேலை முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால், நள்ளிரவில் விமானி அழைத்து ‘ஏன் இந்த வழி?’ என்று கேட்டால் தடுமாறாமல் இரண்டு வரியில் பதில் சொல்லும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கல்லூரி முதலாண்டிலேயே தொடங்கலாம்.

இன்னொன்றை இன்றே, செலவில்லாமல் தொடங்கலாம். சென்னை விமான நிலையத்தின் வானிலை அரை மணிக்கு ஒரு முறை ‘மெட்டார்’ என்ற குறியீட்டு வரியாக வெளியாகிறது. அடுத்து வரும் மணி நேரங்களுக்கான முன்னறிவிப்புக்கு ‘டாஃப்’ என்று பெயர். இணையத்தில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். ராத்திரி டாஃபைப் படித்துக் காலையில் மூடுபனி வருமா வராதா என்று நோட்டில் எழுதிவையுங்கள். விடிந்ததும் மெட்டாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் உள்ள நேரமெல்லாம் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.