இருபதாயிரம் படம் உண்டு. மாலை போட ஒரு படம் இல்லை!

பாட்டி காலமாகிவிட்டார். வயது 84.

மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். பேரன் செல்போனை எடுக்கிறான். விரலால் தள்ளுகிறான். தள்ளிக்கொண்டே இருக்கிறான். பிரியாணித் தட்டு வருகிறது. பூனை வருகிறது. யாரோ அனுப்பிய "காலை வணக்கம்" ரோஜாப்பூ வருகிறது. கரண்டு பில் வருகிறது. ஒரு கல்யாணத்தில் எடுத்த, ஒன்றைப்போலவே இருக்கும் 40 படங்கள் வருகின்றன. பாட்டியும் வருகிறார்! ஆனால், ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். இன்னொன்றில் பாதி முகம்தான் தெரிகிறது. வேறொன்றில் சித்தப்பாவின் முதுகு மறைக்கிறது.

இருபதாயிரம் படங்களில் தேடித் தேடிக் கை ஓய்ந்துபோகிறது. கடைசியில், ஆதார் அட்டையில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள்.

இப்படி ஒரு வீட்டை உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்காது.

பன்னிரண்டே படம்!

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. "ஆக்பா கிளிக்" என்ற காமிராவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிலிம் சுருளில் 12 படம்தான் எடுக்கலாம். பிலிமுக்குக் காசு, கழுவக் காசு, பிரதி போடக் காசு. ஆகவே, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பத்துத் தடவை யோசித்தார்கள். "அக்கா, தலையை நிமிர்த்து! மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்!" என்று பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் எடுத்தார்கள்.

1975-ம் ஆண்டில், அமெரிக்காவின் கோடாக் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டீவன் சாசன் என்ற என்ஜினீயர், பிலிம் இல்லாத டிஜிட்டல் காமிரா ஒன்றைச் செய்தார். அதன் எடை ஏறக்குறைய மூன்றரை கிலோ! ஒரு படத்தை நாடாவில் பதிவு செய்ய 23 வினாடி பிடித்தது. இன்றைய செல்போனில் அந்த நேரத்துக்குள் நூறு படம் எடுத்துவிடலாம். செலவு ஒரு காசு இல்லை. முன்பு எடுப்பதற்கு முன்னால் யோசித்தார்கள். இப்போது எடுத்த பிறகாவது யோசிக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் யாரும் செய்வதில்லை.

சிவப்புப் பென்சில்

பத்திரிகைப் போட்டோக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பிலிம் சுருளில் இருக்கும் 36 படங்களையும் ஒரே தாளில், தபால்தலை போலச் சின்னச் சின்னதாகப் பிரதி போடுவார்கள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, நல்ல படத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார்கள்.

அந்தச் சிவப்புப் பென்சில்தான் இப்போது நட்சத்திரமாக மாறி இருக்கிறது. 2007-ல் வெளிவந்த "லைட்ரூம்" என்ற கம்ப்யூட்டர் செயலியில், படத்தைப் பார்த்துக்கொண்டே 3 என்ற எண்ணை அழுத்தினால் மூன்று நட்சத்திரம் விழும். 5-ஐ அழுத்தினால் ஐந்து. "இது வேண்டாம்" என்று ஒதுக்குவதற்கும் ஒரு பொத்தான் உண்டு. "டிஜிகேம்" என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் இந்த வசதி இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் படத்தின் விவரப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் காத்துக்கொண்டிருக்கிறது. அதை ஏறெடுத்துப் பார்ப்பவர்தான் இல்லை.

சரி, நட்சத்திரம் போட்டால் தீர்ந்ததா? இல்லை. அங்கேதான் சிக்கல் ஆரம்பம் ஆகிறது!

திங்கட்கிழமை நான்கு நட்சத்திரம் போட்ட படத்துக்கு, வெள்ளிக்கிழமை இரண்டுதான் போடத் தோன்றும். மனம் நன்றாக இருந்தால் எல்லாம் நான்கு. பசி நேரத்தில் எல்லாம் இரண்டு. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பெரும்பாலான படம் மூன்றில் போய் உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் மூன்று போட்டால், போட்டும் போடாதது மாதிரிதான்.

காரணம் என்ன? "இது எவ்வளவு அழகு?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு நாளைக்கு ஒரு பதில் வரும். "இந்தப் படத்தை என்ன செய்யப் போகிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வரும்; அவ்வளவு சுலபத்தில் மாறவும் மாறாது.

அப்படிக் கேட்டு, நட்சத்திரத்துக்கு நீங்களே பொருள் வைத்துக்கொள்ளலாம். ஒரு நட்சத்திரம் என்றால், இருக்கட்டும், யாருக்கும் காட்ட வேண்டாம். இரண்டு என்றால், வீட்டுக்காரர்களுக்கு அனுப்பலாம். மூன்று, ஆல்பத்தில் ஒட்டலாம். நான்கு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஐந்து? வீடு தீப்பிடித்தால் முதலில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய படம்! அது வருஷத்துக்கு ஐந்தாறு இருந்தால் அதிகம்.

இது உங்கள் வீட்டுக் கணக்கு. பக்கத்து வீட்டில் வேறு கணக்கு இருக்கலாம். தறிக்காரர் தாம் நெய்த சேலைகளின் படத்துக்கு வேறு மாதிரி வைத்துக்கொள்வார். எப்படி வைத்தாலும், அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், அப்பா போட்ட நான்கும் மகள் போட்ட நான்கும் ஒன்றாக இருக்காது.

இன்னொரு யுக்தி. முதல் தடவை பார்க்கும்போதே ஐந்து வரை போடாதீர்கள். "காலை வணக்கம்" ரோஜாக்களை முதலில் களைந்து எறியுங்கள். பிறகு, வைத்துக்கொள்ள வேண்டியதற்கு ஒன்று மட்டும் போடுங்கள். மறுநாள், ஒன்று போட்டவற்றைத் திறந்து, நல்லதை இரண்டுக்கு ஏற்றுங்கள். அரிசியை முதலில் முறத்தில் புடைத்து, அப்புறம் கல் பொறுக்குவது போல!

அழகு வேறு, அருமை வேறு

தாத்தா சிரிக்கும் ஒரே ஒரு படம் இருக்கிறது. கை ஆடி, படம் மங்கிவிட்டது. இதற்கு எத்தனை நட்சத்திரம்?

போட்டோ சங்கத்தில் கேட்டால் ஒதுக்கித் தள்ளு என்பார்கள். பாட்டியைக் கேட்டால் ஐந்து என்பார். பாட்டி சொல்வதே சரி. மங்கலான தாத்தா மறுபடி வர மாட்டார். தெளிவான மலைப்படத்தை அடுத்த ஆண்டு ஊட்டிக்குப் போனாலும் எடுத்துக்கொள்ளலாம். தொழிலுக்காகப் படம் எடுப்பவர்கள் இரண்டையும் பிரித்து, நட்சத்திரத்தை ஒன்றுக்கும் வண்ண அடையாளத்தை இன்னொன்றுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். குடும்பத்துக்கு அந்த வம்பு வேண்டாம். அருமைக்கே நட்சத்திரம் போடுங்கள்.

ஒதுக்கிய படம் உலகை ஆண்டது

கியூபாவின் தலைநகர் ஹவானா. 1960-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி. கப்பல் வெடித்து இறந்தவர்களுக்காகப் பெரிய கூட்டம் நடந்தது. பத்திரிகைக்காகப் படம் எடுத்தார் ஆல்பர்ட்டோ கோர்டா. மேடையில் சே குவேரா ஒரு கணம் முன்னால் வந்தார். கோர்டா இரண்டே படம் எடுத்தார். சே போய்விட்டார்.

பத்திரிகை அந்தப் படத்தை வெளியிடவில்லை! கூட்டத்தின் வேறு படங்களைப் போட்டார்கள். கோர்டா என்ன செய்தார்? தூக்கி எறியவில்லை. பிரதி போட்டுத் தம் சுவரில் மாட்டிக்கொண்டார். ஏழு ஆண்டு அது அங்கேயே தொங்கியது. 1967-ல் இத்தாலியப் புத்தக வெளியீட்டாளர் பெல்ட்ரினெல்லி அதன் பிரதியை வாங்கிப் போனார். பனியன், சுவரொட்டி, லாரியின் முதுகு என்று இன்று நாம் எங்கும் பார்க்கும் அந்த முகம் அதுதான்.

ஆகவே, ஒரு நட்சத்திரப் படத்தை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரைதான் குப்பைக்கூடையில் இருக்கும். அதன்பின் அழுதாலும் வராது.

அமெரிக்கப் போட்டோக்காரர் கேரி வினோகிராண்டு வேறு ரகம். எடுத்த பிலிமை ஓர் ஆண்டுக்கு மேல் கழுவாமலே வைத்திருப்பார். எடுத்தபோது இருந்த மகிழ்ச்சி கண்ணை ஏமாற்றக் கூடாதாம்! நல்ல யோசனைதான். ஆனால், 1984-ல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 2,500 சுருள்கள் கழுவாமல் கிடந்தன. நமக்கு ஓர் ஆண்டு வேண்டாம். ஒரு மாதம் போதும்.

"செல்போனே முகத்தைப் பார்த்துத் தேடித் தருகிறதே!" என்று சிலர் கேட்கலாம். தரும். பாட்டியின் படம் முந்நூறையும் அள்ளிக் கொட்டும். எதில் பாட்டி பாட்டியாகவே இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. செல்போனில் நாம் போடும் இதயக்குறியும் பெரும்பாலும் அந்தச் செல்போனோடு நின்றுவிடும். கம்ப்யூட்டரில் போடும் நட்சத்திரத்தைப் படத்தின் உள்ளேயே எழுதி வைக்க முடியும். வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனாலும் கூடவே வரும். ஆனால், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும்; நட்சத்திரமும் உதிர்ந்துவிடும்.

அந்தப் பேரன் வீட்டில் தாத்தா இருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேரன் அவர் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாகக் காட்டுகிறான். பாட்டி முறுக்குப் பிழியும் படம் வருகிறது. முகத்தில் மாவு. "இதுக்கு எத்தனை, தாத்தா?" என்று கேட்கிறான்.

தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். "அஞ்சுக்கு மேலே கிடையாதா?" என்கிறார்.